மழைக் கணக்கர் கில்பர்ட் வாக்கர்

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திரமும் எல்லை கலக்கும் இடத்தில், கடலை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள், ஒடிசாவில் உள்ள சிலிகை ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடல் உப்புநீரை உட்புகுத்துகிறது. இரண்டும் கலந்த அந்நீரில் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. கரையில் உள்ள குப்பங்களில் வாழும் மீனவர்கள், பாடு என்னும் முறைப்படி ஏரியின் இடங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, வலை வீசிப் பிழைக்கின்றனர்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையே இம்மக்களின் வாழ்வுக்கு ஊன்றுகோல். மழை பெய்து ஆறுகள் பெருகினால் வெள்ளம் முகத்துவாரத்து மணல்மேட்டை அறுத்துக்கொண்டு கடலில் கலக்கும். வழி திறந்தவுடன் இறாற்குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வந்து சேரும். மழை பொய்த்தாலோ வழி தூர்ந்துவிடும், ஏரி வற்றும், வலை வெறுமையாகத் திரும்பும்.

மழைக்காலத்தை ஒட்டிப் பூநாரைகளும் இவ்வேரிக்கு ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. புதிதாக அவ்வூருக்கு வந்த ஒருவன், பூநாரைகள் மிகுதியாக வந்த ஆண்டுகளில் மீனும் மிகுதியாகக் கிடைத்ததைக் கண்டான் என்று கொள்வோம். பறவைகள் வந்தமையால் மீன் பெருகிற்று என்று அவன் முடிவு செய்தால் அது பொருந்துமா? பொருந்தாது. மழையே ஏரியை நிரப்பியது. நிரம்பிய ஏரியை நாடிப் பறவைகள் வந்தன. அந்நீரிலேயே மீனும் பெருகியது. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன. ஆயினும் ஒன்று மற்றொன்றை விளைவிக்கவில்லை.

ஒருங்கு நிகழ்தல் வேறு. ஒன்றால் ஒன்று விளைதல் வேறு. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டில் பேரறிஞர்களும் இடறியதுண்டு. கோடிக்கணக்கான மக்களின் உணவே இவ்வேறுபாட்டைப் பொறுத்து நின்ற காலமும் உண்டு. அக்காலத்தில் இந்தியாவின் மழையைக் கணக்கால் அளந்தறிய முயன்ற பெரியார் ஒருவர் வாழ்ந்தார். அவரே சர் கில்பர்ட் வாக்கர்.

பிறப்பும் கல்வியும்

கில்பர்ட் வாக்கர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்து ரோச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஒரு பொறியியலர். இலண்டன் மாநகரில் உள்ள செயின்ட் பால் பள்ளியில் பயின்ற வாக்கர், இளமையிலேயே கணிதத்தில் சிறந்து விளங்கினார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1889-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார்.

மிகுந்த உழைப்பு அவர் உடல்நலத்தைக் குலைத்தது. நலம் தேடிச் சுவிட்சர்லாந்து நாட்டில் சில குளிர்காலங்களைக் கழித்தார். அங்கே பனிமீது சறுக்கி விளையாடும் கலையில் தேர்ச்சி பெற்றார். எறிந்தவனிடமே திரும்பி வரும் ஆஸ்திரேலிய எறிகோலாகிய பூமராங் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கேம்பிரிட்ஜ் புல்வெளியில் அதனை எறிந்து பார்த்து, அது வளைந்து பறக்கும் இயல்பைக் கணித நெறியால் ஆராய்ந்து எழுதினார். நண்பர்கள் அவரைப் பூமராங் வாக்கர் என்றே விளையாட்டாக அழைத்தனர். புல்லாங்குழல் இசைப்பதிலும் பறவைகள் பறக்கும் திறத்தை உற்று நோக்குவதிலும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் விருப்பம் இருந்தது.

பொய்த்த முன்னறிவிப்பு

வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்து வந்த காலத்தில், இந்தியா பஞ்சத்தால் நலிந்துகொண்டிருந்தது. தாது ஆண்டுப் பஞ்சம் எனத் தமிழ் மக்கள் இன்றும் நினைவுகூரும் பெரும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது. அதற்குச் சற்று முன்னர், 1875-இல், இந்திய வானிலை ஆய்வுத் துறை தோற்றுவிக்கப்பட்டிருந்தது. மழை பொய்க்கும் என்பதை முன்னரே அறிந்தால் தானியத்தைச் சேமித்து உயிர்களைக் காக்கலாம் அன்றோ? எனவே, அத்துறையின் முதல் தலைவராகிய ஹென்றி பிளான்போர்டு அவ்வழியை ஆராயலானார். இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளில் இந்தியச் சமவெளியில் மழை குறைவதை அவர் கண்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு பருவமழையை முன்னறிவிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார்.

அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜான் எலியட், இன்னும் பல குறிகளைச் சேர்த்து விரிவான அறிவிப்புகளை வெளியிட்டார். ஆயின் 1899-ஆம் ஆண்டில், நல்ல மழை பெய்யும் என்ற அவர் அறிவிப்பு முற்றும் பொய்த்தது. வானம் வறண்டது, மேற்கு இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. அறிவிப்பை நம்பியிருந்தோர் திகைத்தனர், பழித்தோரும் பலர்.

எலியட் அறிவிற் குறைந்தவர் அல்லர். குறிகளை அவர் கண்டார். அவை எவ்வளவு உறுதியானவை என்பதை அளந்து காண்பதற்கு உரிய கருவி அவர் கையில் இல்லை. ஆதலின், தமக்குப்பின் தேர்ந்த கணித அறிஞர் ஒருவரே அப்பதவிக்கு வரவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. வானிலைத் துறையில் அதற்கு முன் பணியாற்றாத வாக்கரே அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1904-ஆம் ஆண்டில், தம் முப்பத்தைந்தாம் வயதில், அவர் இந்திய வானாய்வு நிலையங்களின் தலைமை இயக்குநர் ஆனார். சிம்லா நகரம் அவர் பணியிடம் ஆயிற்று.

ஒட்டுறவு என்பது யாது?

காற்றும் கடலும் கதிரவனும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் உலகில், மழையின் காரணத்தை நேரே கண்டறிதல் அக்காலத்தில் இயலாத செயலாக இருந்தது. ஆகவே வாக்கர், கிடைத்த அளவுகளையே துணையாகக் கொண்டார். புள்ளியியல் அறிஞர் காரல் பியர்சன் செப்பம் செய்திருந்த ஒட்டுறவுக் கெழு என்னும் கருவியை அவர் கையாண்டார்.

இருவகை அளவுகள் எந்த அளவிற்குச் சேர்ந்து மாறுகின்றன என்பதை ஓர் எண்ணால் குறிப்பதே ஒட்டுறவுக் கெழுவாகும். ஒன்று கூடும்போது மற்றொன்றும் தவறாமல் சீராகக் கூடுமாயின் அவ்வெண் 1 ஆகும். ஒன்று கூடும்போது மற்றொன்று அவ்வாறே சீராகக் குறையுமாயின் அது குறை 1 ஆகும். இரண்டிற்கும் இத்தகைய இணக்கம் சிறிதும் இல்லையாயின் அது சுழியாகும். உலகில் நாம் காணும் பெரும்பாலான தொடர்புகள் இவற்றிற்கு இடையே அமைவன. சேர்ந்து மாறுதலை மட்டுமே இவ்வெண் கூறும். அம்மாற்றத்திற்குக் காரணம் யாது என்பதை அது கூறாது.

வாக்கர் இக்கருவியைக்கொண்டு, அக்காலத்து நம்பிக்கைகள் பலவற்றை உரைத்துப் பார்த்தார். ஞாயிற்றின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளே மழையை ஆட்டிப் படைக்கின்றன என்று பலர் எண்ணியிருந்தனர். நெடுங்காலக் கணக்குகளை ஒப்பிட்ட வாக்கர், அத்தொடர்பு முன்னறிவிப்புக்கு உதவும் அளவிற்கு வலியதன்று என்று கண்டார். காடுகளை அழித்தமையாலேயே வடமேற்கு இந்தியாவில் மழை குறைந்துவிட்டது என்ற கருத்தும் அன்று பரவியிருந்தது. காடு குறைந்தது மெய். சில ஆண்டுகள் மழை குறைந்ததும் மெய். ஆயினும், மழைப் பதிவுகளை ஆராய்ந்த அவர், அக்குறைவு காலந்தோறும் இயல்பாக ஏறியிறங்கும் மாறுதலே என்றும், நிலையான மாற்றத்திற்குச் சான்று இல்லை என்றும் 1910-ஆம் ஆண்டளவில் எடுத்துரைத்தார்.

தற்செயலும் உண்மையும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாதார் இலர். காக்கை உட்கார்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. பழுத்த பழம் விழும் வேளையில் காக்கை வந்தது தற்செயல். வடநூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். கணக்கிலும் இத்தகைய காக்கைகள் உண்டு என்பதை வாக்கர் நன்கு உணர்ந்திருந்தார்.

மழைக்குக் குறியாகக் கூடியவை எவை என்று ஒருவன் நூறு பொருள்களைத் தேடி ஆராய்கிறான் என்க. அவற்றுள் ஒன்றேனும் மழையோடு உண்மைத் தொடர்பு உடையதன்று என்றும் வைத்துக்கொள்வோம். இருபதில் ஒருமுறை தற்செயலாகத் தோன்றக்கூடிய ஒற்றுமையையே சான்றாக அவன் ஏற்றுக்கொண்டால், நூறில் ஏறத்தாழ ஐந்து பொருள்கள் மழையோடு தொடர்புடையன போலத் தோற்றம் அளிக்கும். அந்த ஐந்தை மட்டும் உலகிற்குக் காட்டி, மற்றத் தொண்ணூற்றைந்தை மறைத்தால், கேட்போர் வியப்பர். அடுத்த ஆண்டு மழையோ அவரை ஏமாற்றிவிடும்.

இப்பிழையினின்றும் தம்மையும் பிறரையும் காத்தற்பொருட்டு, வாக்கர் 1914-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தார். பல தொடர்புகளைத் தேடி அவற்றுள் மிகப் பெரியதைத் தெரிந்தெடுக்கும்போது, வெறும் தற்செயலாலேயே எவ்வளவு பெரிய எண் கிடைக்கக்கூடும் என்பதை அவர் கணக்கிட்டார். அதனினும் மிகுந்து நிற்பதையே பொருட்படுத்த வேண்டும் என்றார். பலகாலம் பலரும் போற்றாதிருந்த இவ்விதியின் அருமையைப் பிற்காலப் புள்ளியியலார் உணர்ந்து போற்றினர். தமக்குப் பிடித்த கருத்தைத் தாமே கடுமையாகச் சோதித்தல் ஆராய்ச்சியாளர்க்கு வேண்டிய முதற் பண்பு அன்றோ?

இளைஞர் ஒருவருக்குச் செய்த உதவி

1913-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வாக்கர் அலுவலின் பொருட்டுச் சென்னைக்கு வந்தார். அப்போது சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் அலுவலகத்தில் திங்களுக்கு முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணிசெய்த இளைஞர் ஒருவரின் கணிதக் குறிப்புகளை வாக்கருக்குக் காட்டினார். அவ்விளைஞர் பட்டம் பெறாதவர். ஆயினும் அக்குறிப்புகளின் உயர்வை வாக்கர் உடனே கண்டுகொண்டார். அவ்விளைஞர் சில ஆண்டுகளேனும் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் துணைசெய்ய வேண்டும் என்று பதிவாளருக்கு எழுதினார். அதன் பயனாகச் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை வழங்கியது. அவ்விளைஞரே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கணித மேதை சீனிவாச இராமானுசன். பட்டத்தை நோக்காது திறத்தை நோக்கிய வாக்கரின் பெருந்தன்மையைத் தமிழகம் என்றும் மறவாது.

தென் அலைவு

இந்தியாவின் மழையை இந்தியாவிற்குள்ளேயே தேடினால் போதாது என்பது வாக்கரின் முடிவு. ஓனலூலு, டார்வின், பத்தேவியா, சாண்டியாகோ முதலிய தொலைவிடங்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் அளவுகளை வரவழைத்தார். மின்னணுக் கணிப்பொறி இல்லாத காலம் அது. முதல் உலகப்போரினால் துறையின் அலுவலர் பலர் வேறு பணிகளுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியிருந்த இந்திய எழுத்தர்கள் நாள்தோறும் எண்களைக் கூட்டியும் பெருக்கியும் கையாலேயே கணக்கிட்டனர். அவர்கள் உழைப்பின்றி வாக்கரின் ஆராய்ச்சி நிறைவேறியிராது.

அவ்வெண்களின் நடுவே ஒரு பேருண்மை தோன்றியது. பசிபிக் பெருங்கடலின்மேல் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலின்மேல் அது தாழ்கிறது. அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. துலாக்கோலின் இரு தட்டுகளைப்போல ஏறியிறங்கும் இந்நிகழ்ச்சியை வேறு சில அறிஞர்களும் முன்னரே ஓரளவு கண்டிருந்தனர். வாக்கரே அதனை விரிவாக அளந்து, 1920-களில் தென் அலைவு என்று பெயரிட்டார். பசிபிக் கடல்மேல் அழுத்தம் உயர்ந்து, இந்தியக் கடல்மேல் தாழும் காலங்களில் இந்தியாவில் மழை பெரும்பாலும் சிறப்பதையும் கண்டார்.

1924-ஆம் ஆண்டில் பணியினின்றும் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய வாக்கருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை பேராசிரியராக விளங்கினார்.

ஐயங்களும் விளக்கமும்

வாக்கரின் தென் அலைவை அறிஞர் பலர் ஐயுற்றனர். எண்கள் ஒத்திருக்கலாம், ஆயிரக்கணக்கான கல் தொலைவில் உள்ள இடங்கள் எவ்வாறு ஒன்றையொன்று தாக்கும் என்று வினவினர். அவ்வையம் நேர்மையானதே. 1926-ஆம் ஆண்டில் உட்னி யூல் என்னும் புள்ளியியல் அறிஞர், இங்கிலாந்தில் நிகழ்ந்த தேவாலயத் திருமணங்களின் விழுக்காடும் மக்களின் இறப்பு விகிதமும் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே குறைந்து வந்ததை எடுத்துக்காட்டினார். அவற்றின் ஒட்டுறவு 0.95 என்னும் மிக உயர்ந்த அளவில் இருந்தது. அதனால் திருமணமே இறப்பிற்குக் காரணம் என்று எவரேனும் கூறுவரோ? காலப்போக்கில் இரண்டும் குறைந்தன என்பதே அதன் பொருள்.

தம் எண்களின் பின்னே உள்ள காரணத்தைத் தாம் அறியவில்லை என்பதை வாக்கர் மறைத்தாரல்லர். வானத்தின் மேலடுக்குகளின் அளவுகள் கிடைக்கும்போது விளக்கமும் கிடைக்கும் என நம்பினார். அறியாததை அறிந்ததாகக் கூறாமையே அவர் நூல்களின் வலிமை.

பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் தலைவராய் இருந்த சர் சார்லஸ் நார்மண்டு, 1953-இல் மற்றொரு நுட்பத்தைச் சுட்டினார். இந்தியப் பருவமழை, தனக்கு முன் நிகழும் உலக நிகழ்ச்சிகளைக் காட்டிலும் தனக்குப்பின் நிகழ்வனவற்றோடு நெருங்கிய ஒட்டுறவு கொண்டிருந்தது. காரணம் முன்னும் காரியம் பின்னும் வருதல் வேண்டும் அன்றோ? எனவே, மழையைப் பிறவற்றின் விளைவாக மட்டுமே கருதலாகாது என்பது புலனாயிற்று.

வாக்கர் 1958-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் காலமானார். அவர் எதிர்பார்த்த விளக்கம் அவர் மறைவுக்குப்பின் பதினோராம் ஆண்டில் கிடைத்தது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கடலோர மீனவர், சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டிக் கடல்நீர் வெப்பமடைவதையும் அதனால் நெத்திலி மீன் அருகுவதையும் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அவ்வெப்ப நீரோட்டத்திற்குக் குழந்தை இயேசுவைக் குறிக்கும் எல் நினோ என்னும் பெயரை இட்டிருந்தனர். யாக்கோபு பியர்க்னஸ் என்னும் வானிலை அறிஞர், மீனவர் கண்ட எல் நினோவையும் வாக்கர் கண்ட தென் அலைவையும் 1969-இல் இணைத்துக் காட்டினார்.

பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதியில் காற்று கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசி, வெப்ப நீரை இந்தோனேசியாவின் பக்கம் ஒதுக்குகிறது. அங்கே வெப்பக்காற்று மேலெழுந்து மழையாகப் பொழிகிறது. பின்பு உயரத்தில் கிழக்கே சென்று பெருவின் பக்கம் கீழிறங்குகிறது. வெப்பநீர் கிழக்கே பரவினால் இச்சுழற்சி தளர்கிறது. சுழற்சி தளர்ந்தால் வெப்பநீர் மேலும் பரவுகிறது. இவ்வாறு கடலும் காற்றும் ஒன்றற்கொன்று காரணமும் காரியமுமாய் நிற்கின்றன. அச்சுழற்சிக்கு வாக்கர் சுழற்சி எனப் பியர்க்னஸ் பெயரிட்டார். எண்களில் மட்டும் தெரிந்த உறவுக்கு இவ்வாறு காரணம் வாய்த்தது.

முடிவுரை

எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையோ பலமுறை மிகுகிறது. 2015-ஆம் ஆண்டில் அவ்வாறே நிகழ்ந்து, சென்னையும் அதன் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கின. ஆயினும் இது மாறா விதியன்று. 1997-ஆம் ஆண்டில் எல் நினோ மிக வலுத்திருந்தும், தென்மேற்குப் பருவமழை இயல்பான அளவினும் சற்று மிகுதியாகவே பெய்தது. காரணங்கள் பல கூடியே மழையைத் தருகின்றன.

மாணவர்கள் செய்தித்தாளில் இரண்டு எண்கள் சேர்ந்து ஏறுவதைக் காணும்போது நான்கு வினாக்களைக் கேட்டுப் பழகவேண்டும். இது தற்செயலா? இரண்டையும் ஆட்டும் பொதுக்காரணம் வேறு உண்டா? எது முந்தியது, எது பிந்தியது? ஒன்றை நாமே மாற்றினால் மற்றொன்றும் மாறுமா?

நான்காம் வினாவின் விடையைப் பழவேற்காட்டு மீனவர்கள் தம் கையாலேயே காட்டியுள்ளனர். முகத்துவாரம் தூர்ந்து மீன்வளம் குன்றும்போது அவர்கள் பூநாரைகளை அழைத்துவர முயல்வதில்லை. மண்வெட்டியை எடுத்துச் சென்று, மணலை வெட்டிக் கடலுக்கு வழி திறக்கின்றனர்.